மடிக்கணினியில் மினிநெட் இருக்கும்போது பொது டெஸ்ட்பெட் எதற்கு?

வாசகர் கேள்வி, 2025 பிப்ரவரி 17

அண்ணே, வணக்கம். பகலில் வேலை, மாலையில் பகுதிநேரப் படிப்பு. கடைசி ஆண்டு ப்ராஜெக்ட் டிசிபி நெரிசல் கட்டுப்பாடு பற்றியது, அதாவது இணையத்தில் தரவை அனுப்பும் டிசிபி நெறிமுறை, பாதை நெரிசலானால் தன் வேகத்தை எப்படிக் குறைக்கிறது என்பது. ஒரு கணினிக்குள்ளேயே நெட்வொர்க்கை உருவாக்கிக் காட்டும் மினிநெட் மென்பொருளை மடிக்கணினியில் போட்டு, 10 கிகாபிட் லிங்க் வைத்து ஓட்டினேன். 27 கிகாபிட் வரைக்கும் வருகிறது, தேவைக்கு மேலேயே வேகம். ஆனால் மேற்பார்வையாளர் ஏதாவது ஒரு பொது டெஸ்ட்பெட்டில், அதாவது ஆய்வுக்காகப் பலருக்கும் பகிர்ந்து தரப்படும் நிஜக் கணினிகளின் கூடத்தில், கணக்கு வாங்கி எல்லாவற்றையும் மறுபடி ஓட்டு என்கிறார். விண்ணப்பம், சாவி, வரிசை என்று இரண்டு வாரம் போய்விடும். இந்தக் காலத்தில் இதெல்லாம் நேர விரயம், ஒரு மடிக்கணினி போதும் என்பது என் கருத்து. மறுக்க முடியுமா?

பிப்ரவரி 17, இரவு 11.40

தம்பி, முதலில் ஒன்று கேட்கிறேன். 10 கிகாபிட் குழாயில் 27 கிகாபிட் எப்படி ஓடும்?

மினிநெட்டைத் தொடங்கும்போது திரையில் மேலே ஓடிப்போகும் வரிகளைத் திரும்பப் பாருங்கள். லிங்க்கின் வேகத்துக்கு அது ஏற்கும் எல்லை 1000 மெகாபிட். 10000 என்று கொடுத்தால், எல்லைக்கு வெளியே இருக்கிறது, கண்டுகொள்ளவில்லை என்று ஒரே ஒரு வரி எச்சரிக்கை போட்டுவிட்டு வேலையைத் தொடரும். அதாவது உங்கள் லிங்க்குக்குக் கட்டுப்பாடே கிடையாது. நீங்கள் அளந்தது நெட்வொர்க்கை அல்ல, மடிக்கணினியின் நினைவகம் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு எவ்வளவு வேகமாகப் படி எடுக்கிறது என்பதை.

நெரிசலே இல்லாத இடத்தில் நெரிசல் கட்டுப்பாட்டைச் சோதித்திருக்கிறீர்கள். இதே இடத்தில் நானும் ஒரு மாதம் தொலைத்திருக்கிறேன், அதனால்தான் இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பிப்ரவரி 18

நேற்று தூக்கக் கலக்கத்தில் எழுதியதில் மினிநெட்டைக் குறைத்துப் பேசியதுபோல் ஆகிவிட்டது. அப்படியில்லை. 2010இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து அது வந்தபோது, ஒரு மடிக்கணினிக்குள் ஒரு முழு நெட்வொர்க் என்பது பெரிய விடுதலை. அதற்கு முன்னால் நாலு சுவிட்ச் வேண்டுமென்றால் நாலு சுவிட்ச் வாங்கியாக வேண்டும். 2012இல் அதே குழு இன்னொரு படி போய், வெளியான ஆய்வுக் கட்டுரைகளின் முடிவுகளை மாணவர்களையே மினிநெட்டில் மறுபடி செய்து பார்க்க வைத்தார்கள். அதில் அவர்கள் காட்டிய கவனம்தான் முக்கியம். கணினியால் இந்தச் சுமையை உண்மையிலேயே தாங்க முடிகிறதா என்பதையும் சேர்த்து அளந்தார்கள். தாங்கவில்லையென்றால் முடிவை எடுத்துக்கொள்ளக் கூடாது.

உங்கள் மடிக்கணினிக்குள் இருக்கும் இருபது "கணினிகளும்" ஒரே சிபியுவுக்குத்தான் வரிசையில் நிற்கின்றன. ஒன்று ஓடும்போது மற்றொன்று காத்திருக்கிறது. அந்தக் காத்திருப்பு உங்கள் அளவீட்டில் தாமதமாகப் பதிவாகும். அது நெட்வொர்க்கின் தாமதமா, காத்திருந்த தாமதமா என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. பின்னணியில் உலாவி ஒரு வீடியோவைத் திறந்தால் உங்கள் டிசிபி வரைபடமே மாறும். இன்றைக்கு ஒரு எண், நாளைக்கு ஒரு எண்.

எந்த சுவிட்ச் எந்த வழியில் அனுப்புகிறது, விதிகள் சரியாக இறங்கியிருக்கின்றனவா என்று பார்க்க மடிக்கணினி அருமை. நேரத்தை அளக்கும் வேலைக்கு வந்தால்தான் கவனம்.

பிப்ரவரி 20

"அப்படியானால் இரண்டு பழைய கணினி வாங்கி, ஒன்றில் நெட்எம் போட்டுத் தாமதம் சேர்த்துக்கொள்கிறேன், போதுமா" என்று தம்பி கேட்டிருக்கிறார். நெட்எம் என்பது லினக்ஸில் வேண்டுமென்றே தாமதமும் இழப்பும் சேர்க்கும் கருவி.

இரண்டு போதாது, மூன்று வேண்டும். இது பலருக்குத் தெரியாத சங்கதி. அனுப்பும் கணினியிலேயே நெட்எம் வைத்துப் பாக்கெட் (தரவின் சிறு பொட்டலம்) இழப்பை உண்டாக்கினால், தொலைந்த செய்தி அதே கணினியின் டிசிபிக்கு உள்ளுக்குள்ளேயே தெரிந்துவிடும். அது உடனே மறுபடி அனுப்பிவிட்டு, இழப்பே நடக்காததுபோல் நடந்துகொள்ளக்கூடும். நெட்எம் எழுதியவர்களே இதைச் சொல்லி, நடுவில் ஒரு தனிக் கணினியில் போடச் சொல்கிறார்கள்.

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் எமுலாப் என்ற பொது டெஸ்ட்பெட்டைக் கட்டியவர்கள் இதை ஆரம்பத்திலேயே யோசித்தார்கள். அங்கே இரண்டு கணினிக்கு நடுவே தாமதமுள்ள லிங்க் கேட்டால், கேட்காமலேயே மூன்றாவதாக ஒரு கணினியை ஒதுக்கி நடுவில் செருகிவிடும். அதில் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தின் டம்மிநெட் என்ற தாமதக் கருவி ஓடும். எனக்கு ஏன் மூன்று கணினி கணக்கில் விழுகிறது என்று நான் முதல் தடவை குழம்பினேன். குழப்பம் தீர்ந்தபோது, அந்த அமைப்பைக் கட்டியவர்கள் எத்தனை பேருடைய தவறுகளை முன்கூட்டியே பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்று. நெட்எம் இயல்பாக வைத்துக்கொள்ளும் வரிசை 1000 பாக்கெட் மட்டும். சிங்கப்பூர், அமெரிக்க மேற்குக் கரை மாதிரி போய்வர 180 மில்லிவிநாடி என்று வைத்து, ஒரு பக்கம் 90 போட்டு, விநாடிக்கு 1 கிகாபிட் ஓட்டினால், நடுக் கணினிக்குள் மட்டும் 11.25 மெகாபைட் தங்கி நிற்க வேண்டும். 1500 பைட் பாக்கெட்டாகப் பிரித்தால் 7500. ஆயிரத்துக்கு மேல் வருவதை நெட்எம் சத்தமில்லாமல் கொட்டிவிடும். 133 மெகாபிட்டுக்கு மேல் ஏறாது. மாணவர் அதைப் பார்த்து, இந்த நெரிசல் கட்டுப்பாட்டு முறை நீண்ட தூரத்துக்கு உதவாது என்று முடிவு எழுதிவிடுவார். அப்படி எழுதிய அறிக்கைக்கு நான் நல்ல மதிப்பெண்ணும் போட்டிருக்கிறேன். இன்றுவரை அது உறுத்துகிறது.

பிப்ரவரி 21

ஒரு திருத்தம். டேட்டா சென்டரில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் எழுதியது: "133 என்று அடித்துச் சொல்லாதீங்க தம்பி. நெட்வொர்க் அட்டை உள்ளே வரும் பாக்கெட்டுகளைச் சேர்த்து 64 கிலோபைட் வரை ஒரே மூட்டையாக மேலே கொடுக்கும். நெட்எம் மூட்டையைத்தான் எண்ணும், உள்ளே இருப்பதை எண்ணாது."

அக்கா சொல்வது சரி. என் கணக்கு ஒவ்வொரு பாக்கெட்டும் தனித்தனியாக வந்தால் மட்டும் பொருந்தும். மூட்டை கட்டும் வேலையை எத்டூல் என்ற கட்டளை கொண்டு நிறுத்திவிட்டுத்தான் அந்த எண்ணைச் சொல்லியிருக்க வேண்டும். நிறுத்தாவிட்டால் ஒரு நாள் 133, இன்னொரு நாள் 600 என்று அலையும், ஏன் என்றும் பிடிபடாது.

நெட்எம் வரிசைக்கு 7500 போட்டால் போதும் என்று வகுப்பில் சொல்லிவந்தேன், அதுவும் பிசகு. நூலளவு இடம் விட்டு வைத்தால் கொஞ்சம் திமிறியவுடன் கொட்டும். இரண்டு மடங்கு வையுங்கள்.

பிப்ரவரி 24

தம்பிக்கு எமுலாப்பில் கணக்கு கிடைத்துவிட்டதாம். ஆனால் "90 மில்லிவிநாடி தாமதம் போட்டேன், பிங் (போய்வரும் நேரத்தை அளக்கும் கட்டளை) 0.3 மில்லிவிநாடி காட்டுகிறது, உங்கள் டெஸ்ட்பெட் உடைந்திருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்.

உடையவில்லை. கணினியின் பெயரை நீளமாக எழுதியிருப்பீர்கள், புள்ளி வைத்து, ப்ராஜெக்ட் பெயரோடு. அங்கே ஒவ்வொரு கணினிக்கும் இரண்டு வாசல். ஒன்று நீங்கள் உள்ளே நுழைவதற்கும் கோப்பு எடுப்பதற்குமான கட்டுப்பாட்டு நெட்வொர்க். மற்றது சோதனைக்கான நெட்வொர்க். முழுப் பெயர் கட்டுப்பாட்டு வாசலுக்குப் போகும், சின்னப் பெயர் சோதனை வாசலுக்குப் போகும். நீங்கள் தாமதக் கணினியைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போயிருக்கிறீர்கள். அந்தப் பின்வாசல் எல்லோருக்கும் பொது என்பதால், அதில் ஐபெர்ஃப் என்ற வேகச் சோதனையை ஓட்டினால் மற்றவர்கள் வேலையும் கெடும். உடனே நிறுத்துங்கள், சின்னப் பெயரில் ஓட்டுங்கள்.

பிப்ரவரி 24, சற்று நேரம் கழித்து

சரியாக வந்துவிட்டது என்றார். போய்வர 180.4 மில்லிவிநாடி.

மார்ச் 2

இரண்டு வாசல் பற்றி எழுதியதும் பழைய சம்பவம் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. பல வருடத்துக்கு முன்னால், நான் மாலை வகுப்பு எடுத்த ஒரு கல்லூரியில். ஆய்வகத்தில் பத்துப் பன்னிரண்டு ரவுட்டர், நாலு சுவிட்ச், ஒரே அலமாரி. சோதனைக் கேபிளும் கட்டடத்தின் கேபிளும் ஒரே பேட்ச் பேனலில், ஒரே நீல நிறம். கணினிகளுக்கு நெட்வொர்க் முகவரி வழங்கும் டிஹெச்சிபி பற்றிய பாடம். ஒரு மாணவி தன் சர்வரை எழுப்பினாள், கேபிளை ஒரு துளை தள்ளிச் செருகிவிட்டாள். அடுத்த கால் மணி நேரத்தில் அந்த மாடியில் அலுவலகக் கணினிகள் ஒவ்வொன்றாக அவளிடம் முகவரி வாங்கிக்கொண்டு இணையத்தை இழந்தன. சம்பளப் பட்டியல் ஏற்றிக்கொண்டிருந்த அலுவலர் மேலே ஏறி வந்தார்.

அந்தப் பெண் அழுதுவிட்டாள். தவறு அவளுடையது அல்ல, அவள் பாடத்தைச் சரியாகத்தான் செய்தாள். ஒரு துளை தள்ளினால் அலுவலகம் படுத்துவிடும்படி ஆய்வகத்தை வைத்திருந்தது எங்கள் பிழை. அதன்பின் நிர்வாகம் எடுத்த முடிவு என்ன தெரியுமா? மாணவர்கள் சொந்தமாக டிஹெச்சிபி சர்வர் ஓட்டக் கூடாது. ஸ்லைடில் பார்த்தால் போதும்.

எனக்கு டெஸ்ட்பெட் மேல் பிடிப்பு வந்தது அன்றைக்குத்தான். உடைக்கிற உரிமை இல்லாத இடத்தில் நெட்வொர்க் கற்றுக்கொடுக்க முடியாது. நல்ல டெஸ்ட்பெட்டில் உங்கள் தவறு உங்கள் வேலிக்குள்ளேயே நிற்கும். அந்த மாணவி இன்று எங்கோ ஒரு நெட்வொர்க்கைக் கவனித்துக்கொள்கிறாள் என்று கேள்விப்பட்டேன், சந்தோஷம்.

மார்ச் 9

"வெளிநாட்டுக்காரன் இயந்திரத்தை ஏன் நமக்கு இலவசமாகக் கொடுக்கிறான்" என்று வேறொருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

பிளானட்லாப் என்ற உலகளாவிய டெஸ்ட்பெட் எப்படி நடந்தது என்று பாருங்கள். 2002இல் தொடங்கியது, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் நடத்தியது. சேர விரும்பும் கல்வி நிறுவனம் குறைந்தது இரண்டு கணினியைத் தன் வளாகத்தில் வைத்து, மின்சாரமும் இணையமும் கொடுக்க வேண்டும். அந்த இரண்டைப் பொதுவில் விட்டால், உலகம் முழுக்க இருக்கிற ஆயிரத்துச் சொச்சம் கணினிகளிலும் உங்களுக்கு ஒரு துண்டு கிடைக்கும். அதற்கு ஸ்லைஸ் என்று பெயர். அதன்மேல் பலர் உண்மையான சேவைகளையே ஓட்டினார்கள். பிரின்ஸ்டனின் கோடீன் என்ற உள்ளடக்க விநியோகச் சேவை அதில் ஒன்று, ஊர் மக்களே பயன்படுத்தினார்கள்.

சிக்கலும் அங்கேதான். பெரிய மாநாட்டுக்குக் கட்டுரை அனுப்பும் கடைசித் தேதி நெருங்கினால் எல்லோரும் ஒரே வாரத்தில் ஏறிக்கொள்வார்கள், கணினிகள் மூச்சுத் திணறும். அந்த வாரம் எடுத்த அளவீட்டை நம்ப முடியாது. எமுலாப், அதன் வழியில் 2014இல் தொடங்கிய கிளவுட்லாப் எல்லாம் இயந்திரத்தையே முழுதாக ஒருவருக்குக் கொடுப்பது இதனால்தான். துண்டு போட்டால் பலருக்குக் கிடைக்கும், முழுதாகக் கொடுத்தால் சிலருக்குச் சரியாகக் கிடைக்கும். இரண்டையும் ஒன்றாகப் பெற வழியில்லை.

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கோயிலில் அன்னதானத்துக்கு நான் எப்போதாவது கைவேலைக்குப் போவேன். அங்கே அண்டாவை எடுத்தவர் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அடுத்து வருகிறவர் சாம்பாரின் மிச்சத்தோடு பாயசம் வைக்க முடியாதே. எமுலாப்பில் சோதனையை இறக்கியதும் கணினியின் வட்டு அடுத்தவருக்காகப் புதிதாக எழுதப்படுகிறது. முந்தினவருடைய அமைப்பு எதுவும் மிஞ்சாது. எங்கள் பழைய ஆய்வகத்தில் ரவுட்டரைத் திறந்தால் போன வருட மாணவரின் கடவுச்சொல் அப்படியே இருக்கும். வகுப்பின் முதல் முக்கால் மணி நேரம் அதை அழிப்பதிலேயே போகும்.

மார்ச் 10

கவிழ்த்து வைப்பது பற்றி இவ்வளவு எழுதினேனே, அதனால் எனக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். கிளவுட்லாப்பில் ஒரு சோதனைக்கு இயல்பாகக் கிடைப்பது 16 மணி நேரம். மாலை 6 மணிக்குத் தொடங்கினேன், மறுநாள் காலை 10க்கு முடியும். நீட்டித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். காலையில் தேக்கா சந்தைக்குப் போய் மீன் வாங்கிக்கொண்டு வருவதற்குள் மணி பத்தரை. இரவு முழுக்க ஓடிய பதிவுகள் அத்தனையும் அந்தக் கணினியின் வட்டில் மட்டும் இருந்தன. போயே போய்விட்டன.

சோதனை ஓடும்போதே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவை வெளியே படி எடுக்கும் வரியை முதலில் எழுதுங்கள். பிறகு மற்றது. யூட்டாவுக்கும் நமக்கும் 14, 15 மணி நேர வித்தியாசம், ஏதாவது ஆகிவிட்டால் உதவிக்குக் கேட்கும்போது அங்கே நடுராத்திரி.

மார்ச் 16

இப்போது நிரலெழுதக்கூடிய நெட்வொர்க்குக்கு வருகிறேன், அதாவது சுவிட்சின் நடத்தையை நாமே எழுதுவது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், கொஞ்சம் நீளும்.

2008இல் ஓப்பன்ஃப்ளோ என்ற நெறிமுறை வந்தபோது சுவிட்சின் விதிகளை வெளியிலிருந்து எழுத முடிந்தது. ஆனால் பாக்கெட்டின் முன்னால் இருக்கும் எந்தெந்தத் தலைப்பு சுவிட்சுக்குப் புரியும் என்பதைத் தயாரித்தவர்தான் முடிவு செய்தார். 2014இல் வெளியான பி4 மொழி அதையும் நம் கையில் கொடுத்தது. பாக்கெட்டை எப்படிப் பிரித்துப் படிக்க வேண்டும் என்பதையே நாம் எழுதலாம். மடிக்கணினியில் ஓட்ட பிஎம்வி2 என்ற மென்பொருள் சுவிட்ச் இருக்கிறது. சிலிக்கானில் ஓட்ட டொஃபினோ சில்லு வந்தது.

என் மாணவர் ஒருவர் பிஎம்வி2இல் அழகான நிரல் எழுதினார். ஒவ்வொரு இணைப்புக்கும் போய்வரும் நேரத்தின் சராசரியை சுவிட்சே கணக்கிடும். கூட்டித் தொகையை எண்ணிக்கையால் வகுத்தார். மடிக்கணினியில் பிசிறில்லாமல் ஓடியது. உண்மையான டொஃபினோவுக்குக் கொண்டுபோனபோது நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலரே மறுத்துவிட்டது. அந்தச் சில்லுக்கு வகுத்தல் தெரியாது. ஒரு பாக்கெட் கடந்துபோகும்போது மதிப்பைச் சேமித்து வைக்கும் ஒரு ரெஜிஸ்டரை ஒரே ஒரு முறைதான் தொடலாம். முதல் தலைமுறை டொஃபினோவில் ஒரு பைப்லைனுக்கு 12 படிகள், அதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். பாக்கெட் நின்று யோசிக்காது, ஓடிக்கொண்டே இருக்கும்.

இரண்டு வாரம் முட்டினார். கடைசியில் விடை பழைய இடத்தில் இருந்தது. டிசிபி தன் சராசரியைப் பல வருடங்களாக எப்படி வைத்திருக்கிறது? பழைய மதிப்பில் எட்டில் ஏழு பங்கு, புதியதில் எட்டில் ஒரு பங்கு. எட்டால் வகுப்பதற்கு வகுத்தல் வேண்டாம், பிட்டுகளை வலப்பக்கம் மூன்று இடம் நகர்த்தினால் போதும். டிசிபியைச் செதுக்கியவர்கள் ஏன் ஏழிலோ பத்திலோ வைக்காமல் எட்டில் வைத்தார்கள் என்று பாடப்புத்தகத்தில் படித்தால் மனத்தில் நிற்காது. அன்றைக்கு அவர் கையால் புரிந்துகொண்டார். பிஎம்வி2இலேயே இருந்திருந்தால் அது கிடைத்திருக்காது.

அதற்காக பிஎம்வி2 ஆகாதது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதை எழுதியவர்களே இது வேகத்துக்கானது அல்ல, கற்கவும் பிழை தேடவும்தான் என்கிறார்கள். அந்த வேலைக்கு அதைவிட நல்லது இல்லை.

மார்ச் 17

டொஃபினோவின் கதையையும் சொல்லிவிடுகிறேன், வருத்தமான கதை. பேர்ஃபுட் நிறுவனம் செய்த சில்லு, 2019இல் இன்டெல் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2023 தொடக்கத்தில் அடுத்த தலைமுறையை உருவாக்கும் வேலையை நிறுத்தியது. உலகெங்கும் எத்தனை ஆய்வகம் அதை நம்பிப் பாடத்திட்டம் எழுதியிருந்தது!

பிளானட்லாப் 2020இல் மூடப்பட்டது. அதற்கு அடுத்த தலைமுறையாக அமெரிக்காவில் பெரிதாக வந்த ஜெனி என்ற டெஸ்ட்பெட் 2023இல் முடிந்தது. இப்போது ஃபேப்ரிக் இருக்கிறது, 2019இல் தொடங்கிய திட்டம். அமெரிக்காவுக்கு வெளியே டோக்கியோ, ஆம்ஸ்டர்டாம், பிரிஸ்டல் என்றும் அதற்குக் கிளை உண்டு. அதிலும் ஸ்லைஸ் என்ற சொல்லே புழங்குகிறது. இயந்திரம் போனாலும் சொல் பிழைத்திருக்கிறது.

மார்ச் 23

சிங்கப்பூரில் ஒன்றும் இல்லையா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். இருக்கிறது.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசிய இணையப் பாதுகாப்பு ஆய்வுக்கூடத்தின் டெஸ்ட்பெட், டீட்டர் என்ற அமெரிக்கப் பாதுகாப்பு டெஸ்ட்பெட்டின் மென்பொருளின்மேல் கட்டப்பட்டது. டீட்டர் எமுலாப்பின் மென்பொருளிலிருந்து பிறந்தது. ஆக யூட்டாவில் நட்ட கன்றின் கிளை கென்ட் ரிட்ஜில் தழைத்தது.

இன்னொன்றை நேரில் பார்க்கிற வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. சிங்கப்பூர் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தில் 2015 முதல் இயங்கும் நீர் சுத்திகரிப்பு டெஸ்ட்பெட். நிஜமான தண்ணீர், நிஜமான குழாய், நிஜமான கட்டுப்பாட்டுக் கருவிகள், ஆறு கட்டச் சுத்திகரிப்பு. அதன் நெட்வொர்க்கைத் தாக்கினால் ஒரு தொட்டியின் மட்டம் கண்ணெதிரே ஏறும். 51 உணரிகளும் இயக்கிகளும் கொடுத்த 11 நாள் தரவை, 7 நாள் இயல்பு ஓட்டம், 4 நாள் தாக்குதலோடு ஓட்டம், உலக ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டார்கள். நமக்குத் தண்ணீர் எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றபோது, இதை யாரோ பகிர்ந்துகொள்ளத் துணிந்தார்களே என்று மனம் நெகிழ்ந்தது.

ஏப்ரல் 6

முதலில் சொன்னதில் கொஞ்சம் பின்வாங்குகிறேன். வகுப்பறைக்கு என்று மட்டும் பார்த்தால், தம்பி சொன்னதில் பாதி சரி.

சூரிக் இடிஹெச் பல்கலைக்கழகத்தில் ஒரு பயிற்சி நடத்துகிறார்கள். ஒவ்வொரு மாணவர் குழுவும் ஓர் இணையச் சேவை நிறுவனமாக மாறி, தன் ரவுட்டர்களை அமைத்து, பக்கத்துக் குழுவோடு பிஜிபி என்ற, வழிகளைப் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறையில் பேசி, வகுப்பு முழுவதும் சேர்ந்து ஒரு சின்ன இணையத்தையே உண்டாக்குகிறது. எல்லாம் கன்டெய்னர்கள், அதாவது ஒரே கணினிக்குள் தனித்தனியாக ஓடும் மென்பொருள் பெட்டிகள், ஒரு பெரிய சர்வர் போதும், மென்பொருளையும் பொதுவில் விட்டிருக்கிறார்கள். அந்த மாதிரியில் நான் சின்னதாக ஒன்று செய்தேன், எட்டுக் குழு.

2008 பிப்ரவரி 24 அன்று யூடியூபின் 22 பிட் முகவரித் தொகுதிக்குள் பாகிஸ்தான் டெலிகாம் ஒரு 24 பிட் தொகுதியை அறிவித்து, உலகின் யூடியூப் போக்குவரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டதே, அதைச் செய்து பார்த்தோம். முகவரியின் முன்னொட்டு நீளமானால், அதாவது தொகுதி சிறிதானால், ரவுட்டர்கள் அந்த வழியைத்தான் தேர்ந்தெடுக்கும். ஒரு குழு அப்படி நீளமான முன்னொட்டை அறிவித்தது. எதிர்ப்பக்கக் குழுவின் பிங் பட்டென்று நின்றது. "நாங்க ஒண்ணுமே மாத்தலையே!" என்று ஒரு பையன் எழுந்து நின்றான். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அந்தப் பாடத்தை நடத்தலாம். இதற்குச் சிலிக்கான் வேண்டாம், துல்லியமான நேரமும் வேண்டாம். பக்கத்து ஆள் செய்தது என்னைப் பாதிக்கிறது என்ற அனுபவம் போதும்.

ஆனால் கவனியுங்கள், அதுவும் மடிக்கணினி அல்ல. எட்டுக் குழுவுக்கும் பொதுவான ஒரு சர்வர். தனியாக உட்கார்ந்து செய்திருந்தால் அவன் எழுந்து நின்றிருக்க மாட்டான்.

ஏப்ரல் 14

புத்தாண்டு வாழ்த்துகள் எல்லோருக்கும். வீட்டில் மாங்காய்ப் பச்சடி தயாராகிறது, அதற்குள் ஒரு குறிப்பு.

தம்பி தன் ஸ்கிரிப்டை இங்கே போட்டார். அக்கா அதைத் தன் கணக்கில் ஓட்டினார், நான் என் கணக்கில் ஓட்டினேன். 1 கிகாபிட் லிங்க், தாமதம் சேர்க்காமல், ஒரே ஒரு டிசிபி இணைப்பு. தம்பிக்கு 941 மெகாபிட். எனக்கு 941. அக்காவுக்கு 990.

ஐம்பது மெகாபிட் எங்கிருந்து வந்தது? இரண்டு நாளாகத் தேடுகிறோம்.

ஏப்ரல் 15

கிடைத்துவிட்டது. அக்கா பழைய ஒரு வட்டு நகலிலிருந்து (டிஸ்க் இமேஜ்) கணினியை எழுப்பியிருக்கிறார், அதில் பெரிய பாக்கெட் அமைப்பு, 9000 பைட், ஏற்கெனவே போட்டு வைத்திருந்தது. 1500க்கு மாற்றியதும் அவருக்கும் 941.

தம்பி, உங்கள் அறிக்கையில் இந்த 941ஐ ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதுங்கள். 1500 பைட்டில் ஐபி தலைப்பு 20, நேர முத்திரையோடு டிசிபி தலைப்பு 32 போனால் மிச்சம் 1448 உங்கள் தரவு. கம்பியில் அது ஈதர்நெட் தலைப்பு 14, சரிபார்ப்பு 4, முன்னோட்டம் 8, இடைவெளி 12 சேர்ந்து 1538 ஆகப் போகிறது. 1448ஐ 1538ஆல் வகுத்துப் பாருங்கள்.

ஏப்ரல் 15, இரவு

தம்பியின் பதில்: "0.9415 அண்ணே. ஒரு பைட்கூடத் தப்பவில்லை. மினிநெட்டிலும் லிங்க்கை 1000 என்று வைத்து மறுபடி ஓட்டினேன், ஐந்து தடவையும் ஐந்து எண் வருகிறது. அந்த 27ஐ அறிக்கையிலிருந்து எடுக்கட்டுமா?"

எடுக்காதீர்கள். 27, அதற்குப் பக்கத்தில் அந்த எச்சரிக்கை வரி, கீழே 941. அந்த வரிசையில் போடுங்கள். ஸ்கிரிப்டையும் கடைசியில் சேருங்கள். அடுத்த பேட்ச் மே மாதம் வருகிறது, அவர்களுக்கு முதல் வகுப்பில் அதைத்தான் கொடுக்கப்போகிறேன்.